தொட்டிச் சபையின் கைப்பிடிக் கம்பி

முதலில் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எங்கள் சபையைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

மேட்டுத் தெருப் பெரிய ஆலயத்தில் கைக்குழந்தைகளின் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அது செல்லாது, விவரம் தெரிந்த வயதில் விசுவாசித்து, வாயால் அறிக்கை செய்து, முழு உடம்பும் தண்ணீருக்குள் போனால்தான் ஞானஸ்நானம் என்று வாதாடிக்கொண்டு எங்கள் தாத்தாக்கள் காலத்தில் சில குடும்பங்கள் அங்கிருந்து வெளியேறின. வந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு பெஞ்சுகூடக் கிடையாது. பழைய சாக்குக் கிடங்கு ஒன்றை வாங்கினார்கள். கூரை ஒழுகியது. அதைப் பார்க்காமல் தரையைத் தோண்டித் தொட்டியைக் கட்டினார்கள். மழைக்காலத்தில் அது தானாகவே நிரம்பியதாம். 'தொட்டிச் சபை' என்று பெயர் வைத்தது மேட்டுத் தெருக்காரர்கள்தான். கேலிக்கு வைத்த பெயர். பிறகு நாங்களே சபைக் கடிதங்களில் போட்டுக்கொள்ளுமளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

தொட்டி மேடைக்கு அடியில் இருக்கிறது. பலகைகளை எடுத்தால் படிகள், இடுப்பளவு ஆழம், பக்கவாட்டில் ஓர் இரும்புக் கைப்பிடிக் கம்பி. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானத்தின்போது சபையின் உதவிக்காரர்களில் ஒருவரான டீக்கன் தொட்டியின் ஓரத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஆள் முழுவதும் தண்ணீருக்குள் போனதைக் கண்ணால் பார்த்து, "முழுகியாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மயிர் நுனி வெளியே தெரிந்தாலும் மறுபடி முழுக வேண்டியதுதான். இதற்காகவே ஆலயத்தை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இல்லையா, அரைகுறை ஆகாது. பல வருடங்களாக அந்த இடத்தில் உட்காருபவர் தச்சர். மேடைப் பலகைகளும் அவர் அடித்தவைதான்.

இனி என் மச்சான். அக்காவின் கணவர், எலக்ட்ரீஷியன். சபையின் ஒவ்வொரு விளக்கும் விசிறியும் மைக்கும் அவர் கைபட்டவை. தொட்டியைக் கழுவி நிரப்புவதும் அவரே. ஆனால் அவர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. விசுவாசம் இல்லாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு, வெள்ளம் புகுந்த ஒரு நிலவறையில் மோட்டார் அறையைப் பார்க்க இறங்கியவர், வழுக்கிப் போய் இருட்டில் தண்ணீருக்கு அடியில் மாட்டிக்கொண்டார். கையில் ஒரு குழாய் அகப்பட்டது. அதைப் பிடித்து ஏறித்தான் உயிர் பிழைத்தார். அதற்குப் பிறகு தலைக்குக் குளித்தால்கூட முன்னால் குனிந்து, முகத்தில் வழியாமல் குவளையால் ஊற்றிக்கொள்வார். கண்ணை மூடமாட்டார்.

ஞானஸ்நானம் எடுக்காதவர்களுக்கு எங்கள் சபையில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது. அப்பத் தட்டு பெஞ்சு பெஞ்சாகக் கை மாறி வரும். மச்சான் அக்காவின் கையிலிருந்து வாங்கி, எடுக்காமல், அடுத்தவருக்குக் கொடுப்பார். இத்தனை வருடமும் அப்படியே போயிற்று. போன மாதம் அவருடைய மகள் ஞானஸ்நானம் எடுத்தாள். அடுத்த திருவிருந்தில் தட்டு அக்காவிடமிருந்து அவர் மடிக்கு வந்து, அவரைத் தாண்டி மகளிடம் போயிற்று. இரண்டு பக்கமும் சாப்பிட்டார்கள். நடுவில் அவர் இருந்தார்.

மறுநாள் என் கடைக்கு வந்து, ஒரு பல்பு ஹோல்டரைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "செயலாளரே, என் பேர கூட்டத்துல வைங்க" என்றார். சபைச் செயலாளர் நான்தான்; ஆனால் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர் அன்றைக்குச் செயலாளர் என்றார்.

ஞானஸ்நானம் கேட்பவரை ஏற்பதா என்று சபைக்கூட்டம்தான் முடிவு செய்யும். கேட்பவர் தன் சாட்சியைச் சொல்லிவிட்டுப் பக்க அறையில் போய் உட்கார வேண்டும். கதவைச் சாத்திவிட்டு நாங்கள் பேசுவோம். மச்சான் சாட்சி சொன்னார். பயத்தையும் மறைக்கவில்லை. பிறகு எழுந்து உள்ளே போனார். சாத்தியதும் பாஸ்டர் பேசினார். இளம் வயது, இளகிய மனசு. முழங்காலில் நிற்க வைத்து ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் என்ன, கர்த்தர் குடத்தையா அளக்கப் போகிறார் என்று கேட்டார். பொருளாளருக்குக் காது மந்தம் என்பதால் எங்கள் கூட்டங்களில் எல்லோரும் மைக்கில்தான் பேசுவது. மைக் கை மாறிக்கொண்டே இருந்தது. பின் பெஞ்சிலிருந்து ஒருவன், கரண்ட்டைப் பிடித்து விளையாடுகிறவர் தண்ணீரைக் கண்டால் ஓடுகிறாரே என்றான். சிரிப்பும் மைக்கில் போயிற்று.

தச்சர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"பயப்படுறவனுக்கு ஒரு மாதிரி, பயப்படாதவனுக்கு ஒரு மாதிரின்னா, நம்ம தாத்தாமாரு எதுக்கு அந்தக் கோயில விட்டு வெளிய வந்தாங்க? ஒரு சொம்புத் தண்ணியில முடிஞ்சிருக்குமே. ஒரு விரல் காஞ்சிருந்தாலும் அது முழுக்கு இல்ல. என் தம்பியா இருந்தாலும் இதத்தான் சொல்வேன்."

சபை இரண்டாகப் பிரிந்து முணுமுணுத்தது. பாதிப்பேர் குடத்தின் பக்கம். கையைத் தூக்கச் சொல்லலாம் என்று பாஸ்டர் எழுந்தபோது அக்கா மைக்கைக் கேட்டாள். சபைக்கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"யாரும் ஊத்த வேண்டாம். இத்தன வருஷம் அந்தத் தட்டு அவரு கையில போயிருக்கு. ஒருநாளும் ஒளிச்சு ஒரு துண்டு எடுத்ததில்ல. அப்படிப்பட்ட ஆளுக்குச் சலுகை குடுத்தா, அது அவரு தலையில அடிச்ச மாதிரி. முடிஞ்சா முழுகட்டும். முடியலன்னா எப்பவும் போல என் பக்கத்துல உக்காரட்டும். எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல."

அத்தோடு குடம் உடைந்தது. அடுத்த ஞாயிறு வழக்கப்படி முழுக்கு என்று எல்லாக் கைகளும் உயர்ந்தன. சேதியைச் சொல்ல நான் பக்க அறைக்குப் போனேன். கதவைத் திறந்தேன். கூடத்தில் பொருளாளர் இருமுவது உள்ளே சுவரிலிருந்து கேட்டது. குழந்தை அழுதால் தாய்மார் அங்கே உட்கார்ந்து பிரசங்கம் கேட்கட்டும் என்று சுவரில் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தோம். வைத்தவர் மச்சான். அதை அணைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வழக்கமாக அதையெல்லாம் அணைக்கிறவர் அவர்தானே.

ஸ்பீக்கருக்கு நேர்கீழே ஸ்டூலில் இருந்தார். ஏன் நீங்களாவது அணைக்கவில்லை என்று கேட்டேன்.

"சிரிச்சதும் அணைக்கலாம்னு எந்திரிச்சேன். அப்புறம் உங்கக்கா சத்தம் வந்துச்சு" என்றார். எழுந்து ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, "சனிக்கிழம தொட்டி நெரப்பணும்" என்றார்.

அந்த வாரம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மச்சான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டதைத் தச்சரிடம் சொல்லிவிடலாமா என்று அவருடைய பட்டறை வாசல் வரை போய்த் திரும்பினேன். சொன்னால் அந்த மனிதர் உடைந்துபோவார், சொல்லாவிட்டால் நான் ஏதோ ஒளித்த மாதிரி. கடைசியில் சொன்னேன். அவர் இழைப்புளியை நிறுத்தவில்லை. "கேட்டாச்சா" என்றார். "சரி" என்றார். பலகையை அளவுக்கு மேல் இழைத்துவிட்டதைப் பிறகுதான் பார்த்தார்.

வீட்டில் அக்கா ஓரிடத்தில் உட்காரவில்லை. கட்டிலை இடம் மாற்றினாள், மறுநாள் பழைய இடத்துக்கே தள்ளினாள். மச்சான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வாளித் தண்ணீரில் முகத்தை வைத்துப் பழகினார். உள்ளே வாளி உருளும் சத்தம் கேட்கும். இருமிக்கொண்டே வெளியே வருவார். "அப்பா வாளியில நீச்சல் கத்துக்கிறாங்க" என்றாள் மகள். யாரும் சிரிக்காததால் அவளும் வாயை மூடிக்கொண்டாள். சனிக்கிழமை தொட்டி நிரம்பும்வரை மச்சான் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். குழாயை மூடினார், ஓர் அளவு குறையட்டும் என்று அடியிலிருக்கும் அடைப்பைத் திறந்துவிட்டார், மறுபடி நிரப்பினார்.

ஞாயிறன்று வெள்ளை உடையில் படியிறங்கினார். சபை பாடியது. கடைசிப் படியில் நின்றுவிட்டார். பாட்டு முடிந்தது. பியானோ வாசிக்கும் பெண் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டாவது முறையும் முடியப்போகையில் அவர் நடுவுக்கு வந்தார். விசுவாசிக்கிறீரா என்று பாஸ்டர் கேட்டார். விசுவாசிக்கிறேன் என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது. பாஸ்டர் முதுகுக்கு ஒரு கையைக் கொடுத்துச் சாய்த்தார். மார்பு போயிற்று, முகம் போயிற்று. ஆனால் வலது கை மட்டும் கம்பியை விடவில்லை. தண்ணீருக்கு மேலே, மணிக்கட்டு வரை காய்ந்து, வெள்ளை வெளேரென்று இறுகிப்போய் நின்றது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

தச்சர் அதற்கு ஒரு முழம் தள்ளி முழங்காலில் இருந்தார். அவரும் பார்த்தார்.

"முழுகியாச்சு" என்றார் தச்சர்.

சபை மூச்சை விட்டது. மச்சான் எழுந்து முகத்தைத் துடைத்தார். படியேறவில்லை.

"இல்லண்ணே. கை வெளிய இருந்துச்சு."

"நான் பாத்துட்டேன், சொல்லிட்டேன். ஏறி வா."

"நீங்க பாத்தீங்க. அதான் இன்னொரு தடவ கேக்குறேன்."

சற்று இளைப்பாறுகிறீர்களா என்று பாஸ்டர் மெதுவாகக் கேட்டது முன் பெஞ்சு வரை கேட்டது. மச்சான் தலையாட்டினார், வேண்டாம் என்று. அக்காவை ஒரு முறை பார்த்தார். கம்பியிலிருந்து கையை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாதவர் போலத் தண்ணீரின் மேல் வைத்தார், பிறகு எடுத்து மார்பில் வைத்தார். பாஸ்டர் சாய்த்தார். கை மார்பை விட்டுக் கம்பியைத் தேடிப் பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது. அப்படியே தண்ணீருக்குள் போயிற்று.

கம்பி மட்டும் இருந்தது.

யாராவது சொல்ல வேண்டும். தச்சர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. சொல்லாமல் தூக்கக் கூடாது என்று பாஸ்டர் தவித்தார்.

"முழுகியாச்சு" என்றாள் அக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

பாஸ்டர் அவரைத் தூக்கினார். முறைப்படி இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு அதையே இன்னொரு முறை சொன்னார். பிறகு குனிந்து மச்சானுக்குக் கை கொடுத்தார். ஏற்றிவிட்டுக் கையை விடாமல் படியோரமே நின்றார்.

திருவிருந்து அதே ஆராதனையில்தான். மச்சான் உடை மாற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு வந்து, அக்காவுக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்தார். நான் அடுத்த பெஞ்சில். தட்டு வந்தது. அக்கா ஒரு துண்டு எடுத்துக்கொண்டு அவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கினார். இத்தனை வருடப் பழக்கம், கை நிற்குமா, அப்படியே மகளிடம் நீட்டினார்.

மகள் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் இன்னும் கொஞ்சம் நீட்டினார். பிறகுதான் தட்டைப் பார்த்தார், அதில் இனி தனக்கும் ஒரு துண்டு உண்டென்று.

அன்றைக்கு அந்தத் தட்டு எங்கள் பெஞ்சுக்கு வர வெகுநேரம் ஆனது.