உறையாத ஏரி

அமெரிக்காவின் மினசோட்டாவில் அந்த வருடம் பனி கொட்டும் மாரிகாலம் வந்ததாகவே தெரியவில்லை. டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு மழை பெய்தது. புதுவருடம் பிறந்தும் வீட்டு முற்றத்தில் காய்ந்த புல்தான் கிடந்தது. கடை வாசல்களில் பனி அள்ளும் சவள்கள் விலைப்படாமல் அடுக்கியபடியே நின்றன. இவற்றையெல்லாம் குலசிங்கம் தன் தங்கை கௌரிக்குத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தார். நியூசிலாந்தின் ஒக்லண்டில், ஒனிஹங்காவில் இருக்கும் தன் வீட்டுச் சமையலறையில், மின்விசிறியை முகத்துக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டு கௌரி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அங்கே கொளுத்தும் கோடை.

முதலில் அவளுக்கு அண்ணனின் எரிச்சல் விளங்கவில்லை. பனி இல்லாவிட்டால் நல்லதுதானே, வழுக்கி விழாமல் இருப்பீர்கள், காலையில் எழும்பிக் காரைத் தோண்டி எடுக்கத் தேவையில்லை என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். குலசிங்கம் உடனே, "சரி, வைக்கிறன்" என்றார். அந்தப் பனி அவருக்கு என்ன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

குலசிங்கம் மினசோட்டாவுக்குப் படிக்கப் போய், அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை எடுத்து, அந்தக் குளிரைத் திட்டித் திட்டியே முதல் சில வருடங்களைக் கழித்தவர். பக்கத்து வீட்டு டேல்தான் அவரை மாற்றியது. டேல் ஆறடிக்கு மேல் உயரமான, அதிகம் பேசாத வெள்ளைக்காரன். ஒரு சனிக்கிழமை அவரை உறைந்த ஏரிக்கு நடுவே கூட்டிக்கொண்டு போய், ஐஸில் துளை போட்டு, கவிழ்த்த வாளி ஒன்றில் இருத்தி, முழ நீளத் தூண்டில் ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறான். அன்றைக்குப் பிடித்தது ஒரே ஒரு மீன். அதன்பிறகு ஏரி உறைந்த எந்தச் சனிக்கிழமையும் குலசிங்கம் வீட்டில் இருந்ததில்லை. அவர் மனைவி தமயந்தி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

தமயந்தி இறந்துபோய் மூன்று வருடமாகிவிட்டது. மகன் சஞ்சீவன் வேலையோடு சியாட்டிலில் இருந்தான். அந்த முதல் மாரிகாலம் முழுக்க டேல் வந்து கதவைத் தட்டியிருக்கிறான். ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னதில்லை. ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போவான், ஐஸின் மேல் சின்னக் கூடாரம் அடிப்பான், இருவரும் தூண்டிலைப் போட்டுவிட்டு மத்தியானம் வரை இருந்துவிட்டு வருவார்கள். அண்ணனைத் திரும்பவும் சாப்பிட வைத்தது, சவரம் எடுக்க வைத்தது, மனிதரோடு கதைக்க வைத்தது அந்த ஏரிதான் என்று கௌரிக்குத் தெரியும். அடுத்த வருடம் ஏரி பிந்தித்தான் உறைந்தது. இந்த வருடம் உறையவே இல்லை.

ஜனவரியின் முதல் நாட்களில் அவருடைய பேச்சுச் சுருங்கத் தொடங்கியது. அவள் எடுத்தால் பின்னால் தொலைக்காட்சி இரைந்துகொண்டிருக்கும். என்ன சமைத்தீர்கள் என்றால் கடையில் வாங்கிய பாண் துண்டு என்பார். நேற்று என்ன என்றாலும் பாண்தான். அந்த ஊரில் வருடாவருடம் ஐஸின் மேல் நடத்தும் மீன்பிடிப் போட்டியைக் கைவிட்டுவிட்டார்களாம், டேல் அந்தக் கோபத்தில் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லையாம். குலசிங்கமும் வருவதில்லை என்பதை அவர் சொல்லாமலே அவள் விளங்கிக்கொண்டாள். பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது, இடையிடையே கைத்தொலைபேசியில் அண்ணன் ஊர்க் காலநிலையைப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. வெளியே ஆட்கள் அரைக்காற்சட்டையோடு ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு போவார்கள். அவள் அங்கே பூச்சியத்துக்குக் கீழே இறங்காதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் இறங்கியது. ஒரு கிழமை நல்ல குளிர். குலசிங்கம் தானாகவே அழைப்பு எடுத்தார். குரலே மாறியிருந்தது. ஏரியை ஐஸ் மூடிவிட்டது, வரும் சனிக்கிழமை போகிறோம் என்றார். கௌரிக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் அந்தப் புது ஐஸ் தாங்குமா என்று யோசித்தாள்.

"அண்ணை, இந்த முறை போகாதேங்கோ. ஐஸ் சரியாப் பிடிக்கேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அது முந்தி. இப்ப பிடிச்சிட்டுது."

"ஒரு கிழமையில எவ்வளவு பிடிச்சிருக்கும்? இன்னும் கொஞ்ச நாள் பாத்திட்டுப் போங்கோவன்."

"நீ ஒக்லண்டில இருந்துகொண்டு எனக்கு ஐஸைப் பற்றிப் படிப்பிக்கிறியோ?"

அவளுக்கும் கோபம் வந்தது. ஒரு சனிக்கிழமை வீட்டில் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள்.

"இந்த வீட்டில நீ வந்து இருந்து பார். அப்ப தெரியும்," என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அதன்பிறகு அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

ஒக்லண்டில் ஞாயிறு விடிந்தபோது அங்கே இன்னும் சனிக்கிழமை. கௌரி கோப்பியை ஊற்றிக்கொண்டு கணக்குப் பார்த்தாள். இந்நேரம் மத்தியானம் தாண்டியிருக்கும், வீட்டுக்கு வந்திருப்பார். ரோஷத்தை விட்டுவிட்டு எடுத்தாள். மணி அடிக்காமல் நேரே செய்தி விடச் சொல்லும் குரல் வந்தது. திரும்பவும் எடுத்தாள். அதே குரல்.

அவள் கணவன் கேதீஸ்வரன் வாசலில் தூண்டில்களையும் வாளியையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாங்கரே பாலத்தில் மீன் பிடிக்கப் போவது அவர் வழக்கம். தொலைபேசியில் சார்ஜ் இறங்கியிருக்கும், குளிரில் பற்றரி நிற்காது என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஆனாலும் சியாட்டிலுக்கு எடுத்தாள்.

சஞ்சீவனுக்கும் தகப்பனைப் பிடிக்க முடியவில்லை. அவன் உடனே டேலின் மனைவிக்கு எடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தான். இரண்டு பேரும் விடியப் போனவர்களாம். இரண்டு பேருடைய தொலைபேசியும் வேலை செய்யவில்லையாம். அவள் பொலிசுக்குச் சொல்லிவிட்டுத் தானே ஏரிக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிறாளாம். வழக்கமாக ஆங்கிலத்திலேயே கதைக்கும் பிள்ளை, அன்றைக்கு முழுவதையும் தமிழில் சொன்னான். அதுதான் கௌரியை இன்னும் பயமுறுத்தியது.

"மாமி, நீங்கள் யோசிக்காதேங்கோ. நான் திருப்பி எடுக்கிறன்," என்றான்.

வீட்டுக்குள் இருக்க அவளால் முடியவில்லை. கேதீஸ்வரன் தூண்டில்களைத் திரும்ப உள்ளே வைக்கப் போனார். வேண்டாம், போவோம், இந்தச் சுவருக்குள் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்றாள் அவள். இருவரும் பாலத்துக்குப் போனார்கள்.

பாலம் நிறைய ஆட்கள். டொங்கா நாட்டுக் குடும்பம் ஒன்று குடை விரித்து, சாப்பாட்டுப் பெட்டிகளோடு இடம் பிடித்திருந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. மண்ணிறத் தண்ணீர் தூண்களைச் சுற்றிச் சுழித்து உள்ளே போனது. கேதீஸ்வரன் தூண்டிலைப் போட்டுவிட்டு மிதவையைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பாலத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தாள். தொலைபேசி உள்ளங்கையில் வியர்த்துப் போயிருந்தது. யாரோ ஒருவர் பெரிய கஹவாய் மீன் ஒன்றைத் தூக்கிப்போட, பிள்ளைகள் கூச்சல் போட்டுச் சுற்றிவந்தார்கள். மீன் தரையில் அடித்துத் துடித்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கும்பிடலாம் என்று நினைத்தாள். ஆனால் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. இத்தனை நாளும் ஏரி உறைய வேண்டும் என்றல்லவா மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்? வீட்டில் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அவர் சொன்ன பதிலும் வந்தது. தமயந்தி இல்லாத அந்த வீட்டில் ஒரு நாளும் தான் போய் இருந்து பார்க்கவில்லை என்பதும் வந்தது. பிள்ளையாரே, அண்ணையைத் தா, வேறொன்றும் வேண்டாம் என்று மட்டும் கேட்டாள்.

அவள் மறுகரையிலிருந்து திரும்பி, கணவனுக்குக் கிட்ட வந்தபோது தொலைபேசி அடித்தது. தெரியாத அமெரிக்க இலக்கம். கேதீஸ்வரனிடம் நீட்டினாள். அவர் தூண்டிலைப் பக்கத்தில் நின்ற டொங்கா மனிதரிடம் கொடுத்துவிட்டு வாங்கினார்.

"ஹலோ," என்றார். கேட்டார். "ஓம்... ஓம்..." என்றார். கௌரி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின.

"இஞ்சாரும், உம்மட அண்ணைதான். கதையும்."

அவள் தொலைபேசியை வாங்கி, பாலத்தின் தரையில் உட்கார்ந்து காதில் வைத்தாள்.

குலசிங்கம் ஆஸ்பத்திரியிலிருந்து, டேலின் மனைவியுடைய தொலைபேசியில் கதைத்தார். தனக்கு ஒன்றுமில்லை, கைவிரல்தான் விறைத்துப்போயிற்று, டேலும் பிழைத்துவிட்டான் என்பதை முதலே சொன்னார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

கரையோரம் ஐஸ் கெட்டியாகத்தான் இருந்ததாம். டேல் சாமான்களை ஏற்றிய சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு முன்னால் போக, அவர் இரும்புக் கம்பியால் ஐஸைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு பின்னால் போயிருக்கிறார்.

"உன்ர பேச்சு ஞாபகம் வந்து நிண்டனான் எண்டு சொன்னா நீ சந்தோசப்படுவாய். அப்பிடியில்லை. ரெண்டாம் குத்தில கம்பி உள்ளுக்க போய்த் தண்ணி வந்தது. அதுதான் நிண்டனான்."

நின்று, திரும்பி வா என்று டேலைக் கூப்பிட்டிருக்கிறார். டேல் திரும்பினான். ஒரு அடி வைத்தான். அவ்வளவுதான், நெஞ்சளவுக்கு உள்ளே போய்விட்டான். சறுக்குவண்டியும் மற்றப் பக்கம் சரிந்து தாழ்ந்தது. குலசிங்கத்தின் தொலைபேசி அதிலிருந்த பைக்குள். டேலுடையது அவன் சட்டைப் பைக்குள்.

குலசிங்கம் ஐஸில் குப்புறப் படுத்துக்கொண்டார். கிட்டப் போனால் தானும் போய்விடுவார். ஐஸுக்குப் போகும்போது இடுப்பில் ஒரு கயிறு சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்று டேல்தான் அவருக்கு ஆரம்பத்திலேயே பழக்கியிருந்தான். அதை அவிழ்த்து எறிந்தார். எட்டவில்லை. திரும்பவும் இழுத்து எறிந்தார். கடைசியில் டேல் அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். அந்தப் பெரிய உடம்பை இழுக்கும் பலம் தனக்கு எங்கே இருந்தது என்று இப்போதும் தெரியவில்லை என்றார். அவர் இழுக்க, அவன் முழங்கையால் ஊன்றி ஊன்றி ஏற, ஏற ஐஸ் உடைய, உடைந்த இடத்திலிருந்து திரும்பவும் ஏற, ஒருவழியாக மேலே வந்து உருண்டிருக்கிறான். காரின் திறப்புச் சாவியும் ஏரிக்குள் போய்விட்டதால், கரையில் தெரிந்த ஒரு வீடு வரைக்கும் அவனைத் தாங்கிக்கொண்டு நடந்தாராம். அந்த வீட்டுக்காரர்தான் அம்புலன்ஸைக் கூப்பிட்டது. ஒருவருடைய இலக்கமும் மனப்பாடமில்லை, டேலின் மனைவி வந்த பிறகுதான் சஞ்சீவனோடு கதைத்து உன் இலக்கத்தை வாங்கினேன், அடுத்தது உனக்குத்தான் எடுக்கிறேன் என்றார்.

கௌரி காலையிலிருந்து அவரை ஏசுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள்.

"சாப்பிட்டீங்களோ அண்ணை?" என்றாள்.

"ஓம், சூப் தந்தவை. உப்பில்லை."

அவள் சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. பக்கத்தில் இருந்த டொங்கா அம்மா ஒரு கடதாசிக் கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போனாள்.

"கௌரி, இனி ஐஸுக்குப் போகேல்லை. டேலும் போகமாட்டான். அவன்ர மனிசி சொல்லிப்போட்டாள்."

"அப்ப சனிக்கிழமையில என்ன செய்வீங்கள்?"

கேட்ட பிறகுதான், இத்தனை நாளும் தான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அதைத்தான் அவளும் கேட்டவள். ஐஸ் இல்லையெண்டால் எங்கட வீட்டுக்கு வாறதுக்கு என்ன எண்டு கேட்டவள். நான் போறதில்லை எண்டதும் உண்மைதான், அவன் வாறதில்லை எண்டதும் உண்மைதான். ரெண்டு பேரும் தனித்தனி வீட்டுக்க இருந்து ஏரியைத் திட்டிக்கொண்டு இருந்தனாங்கள்."

அன்றைக்கு மத்தியானம் கௌரி வீட்டுக்கு வந்து, முதல் நாள் கறியைச் சூடாக்கி, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பசியெல்லாம் சேர்ந்து வர, நின்ற நிலையிலேயே இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள். பிறகு யன்னலைத் திறந்துவிட்டு சோபாவில் படுத்தாள். அப்படியொரு நித்திரை அவளுக்குப் பல மாதங்களாக வந்ததில்லை.

பெப்ரவரியிலும் மினசோட்டாவில் பனி விழவில்லை. விழாது என்று வானிலை அறிவிப்பிலும் சொல்லிவிட்டார்கள், இனிவரும் வருடங்களும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று குலசிங்கம் சொன்னார். சொன்னதோடு அடுத்த கதைக்குப் போய்விட்டார். டேலின் கராஜில் வருடக்கணக்காகக் கிடந்த பழைய படகு ஒன்றை இருவரும் திருத்திக்கொண்டிருந்தார்கள். கோடைக்கு இறக்கும் எண்ணம். எஞ்சினை அவர் கழற்றிப் பூட்டிவிட்டார். இப்போது பிரச்சினை வர்ணத்தில்தான். டேல் பச்சை அடிக்க நிற்கிறான். தவளை மாதிரி இருக்கும், நீலம் அடிப்போம் என்று இவர் சொல்ல, டேலின் மனிசி இரண்டு பேரையும் ஏசி, சாப்பிட உள்ளே கூப்பிட்டிருக்கிறாள். சோறு அவருக்காகவே வைக்கப் பழகியிருக்கிறாளாம். குழைந்துபோய்த்தான் வருகிறதாம்.

"நீயே சொல்லு கௌரி, ஒரு படகுக்கு ஆரும் பச்சை அடிப்பினமோ?"

அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நீலம்தான் நல்லது என்று அண்ணன் பக்கமே நின்றாள். அதற்குப் பிறகும் அவர் டேலைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே போனார். வாசலில் தூண்டில் நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த கேதீஸ்வரன், இன்னும் முடியவில்லையா என்று சைகையால் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு, கௌரி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.