கெஸ்ட்ரலின் வால் இறக்கைகள்

எங்கள் ஊர் அருங்காட்சியகம் இரண்டே அறை. முதல் அறையில் கெஸ்ட்ரல் என்ற பழைய வானிலை ராக்கெட்டின் படமும், அதன் கீழே ஒரு பலகையும் இருக்கின்றன. முதல் ஏவல் தோல்வி என்றும், வால் இறக்கைகளைச் சரியாகப் பொருத்தாததே காரணம் என்றும், பொருத்தியவர் ஆன்சல் டானஹில் என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஆன்சல் டானஹில் என் தந்தை. பாலைவனத்து ஏவுதளத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவர் பொருத்திய இறக்கை கழன்றிருக்காது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அறிக்கை எழுதிய அதிகாரிக்கு மட்டும்தான் தெரியவில்லை.

பலகையை எடுக்கச் சொல்லி ஒன்பது கடிதங்கள் எழுதினேன். பொறுப்பாளர் லோர்னா ஒரு நாள் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"மெரிட், உங்க கடிதத்தைப் போட எங்க மேசையில எடமில்ல. உங்கப்பா மாட்டின மாதிரியே இறக்கைய மாட்டி ஒண்ணு பறக்க விடுங்க. முழுசாத் திரும்பி வந்தா பலகைய நானே கழட்டறேன்."

"நீங்க வந்து பாக்கணும்."

"வரேன். ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல நிக்க மாட்டேன்."

கெஸ்ட்ரலின் பாதி அளவு மாதிரிக்கான பாகங்கள் ஒரு பெட்டியில் வந்தன. பெட்டியைத் திறந்த நாள் முதல் எரிச்சல்தான். மூக்குக் கூம்பு குழாயில் உட்காரவில்லை. நான்கு நாள் தேய்த்தேன். இறக்கைகளைக் குழாயின் பிளவில் செருகிப் பசை போடச் சொல்லியிருந்தார்கள். என் தந்தை பசை போடவில்லை. பிளவுகளை அடைத்துவிட்டு, அலுமினியப் பட்டை வெட்டி, ஒவ்வோர் இறக்கைக்கும் பன்னிரண்டு ரிவிட் ஆணி அடித்தேன். வெள்ளைச் சாயம் இரண்டு முறை உரிந்தது. மூன்றாம் முறை பூசியபோது தும்பி ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது.

உள்ளே இருக்கும் உயரமானியை என் மகள் கோரின் பொருத்தினாள். விமான நிலையத்தில் மின்னணு வேலை பார்ப்பவள். ராக்கெட் உச்சியைத் தொட்டதும் வெடிமருந்தைப் பற்றவைத்துப் பாராசூட்டை வெளியே தள்ள வேண்டியது அந்தக் கருவி. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதை வைத்துத்தான் அது உயரத்தை அறியும். அதற்காகக் கோரின் உடற்குழாயில் நான்கு சிறு துளைகள் போட்டாள். வெள்ளைச் சாயத்தின் நடுவில், கண்ணை உறுத்துகிற இடத்தில்.

வறண்ட ஏரியில் எங்கள் ராக்கெட் கிளப்பின் கூட்டம். ஏவும் முன், காலையில் மேசையில் வைத்துப் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். அசல் கெஸ்ட்ரலில் அந்த இடத்தில் துளை கிடையாது. ஆகவே வெள்ளை நாடாவை வட்டமாக வெட்டி நான்கையும் மூடினேன். மதிப்பெண் போட்டதும் உரித்துவிடலாம் என்றுதான்.

களத்துப் பாதுகாப்பைப் பார்ப்பவன் கிளைட். நாற்பது ஆண்டுப் பழக்கம். மேசையைச் சுற்றி வந்தான்.

"யோவ் மெரிட், இது ராக்கெட்டா, கல்யாணப் பொண்ணா? கிட்ட வந்தாலே மொறைக்கிற."

"கைய எடு. வேர்வை படும்."

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டார்கள். உடனே காற்று எழுந்தது. கிளைட் சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டான். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். லோர்னா குடைக்கு அடியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொடிய எறக்குய்யா. இதெல்லாம் ஒரு காத்தா?" என்றேன் கிளைட்டிடம்.

"உன் வாயிலேர்ந்து வர்ற காத்தையும் சேத்தா இன்னும் அதிகம். உக்காரு."

ஒன்றே கால் மணிக்குக் கொடி இறங்கியது. கிளைட் சோதனை அட்டையை வைத்துக்கொண்டு வேகமாகக் கேட்டான்.

"பாராசூட்டு?"

"மடிச்சாச்சு."

"காத்து ஓட்டை?"

"நாலு. நானே போட்டேன்" என்று பின்னாலிருந்து கோரின் சொன்னாள்.

நான் தலையாட்டினேன். என் கவனம் முழுவதும் லோர்னா மீது இருந்தது. அவர் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

முதல் முறை பொத்தானை அழுத்தியபோது ஒன்றும் நடக்கவில்லை. தீத்திரி செத்திருந்தது. முன்னூறு அடி நடந்து போய் வேறு திரி செருகிவிட்டு, முன்னூறு அடி திரும்பி வந்தேன். ஒன்று ஐம்பது.

இரண்டாம் முறை கெஸ்ட்ரல் எழுந்தது. எட்டடி நீளமும் ஒரே நேர்கோடு. துளி ஆட்டம் இல்லை. அந்த வேகத்தில் இறக்கை கழல்வதானால் முதல் இரண்டு நொடியில் கழன்றிருக்க வேண்டும். நான்கும் நின்றன. லோர்னாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபடி அண்ணாந்திருந்தார்.

உச்சியில் அது கவிழ்ந்தது. வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"தலைக்கு மேல பாருங்க! எல்லாரும் மேல பாருங்க!" என்று கிளைட் ஒலிபெருக்கியில் கத்தினான்.

போன வேகத்திலேயே திரும்பி வந்து அரை மைல் தள்ளித் தரையில் குத்தியது.

மற்றவர்களுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன். முன்பாதி மண்ணுக்குள் இருந்தது. நடுக்குழாய் கசங்கி மடிந்திருந்தது. வால் இறக்கைகள் நான்கும் ஒரு ரிவிட்கூட அசையாமல் வானத்தைப் பார்த்து நின்றன. கசங்கிய இடத்தில் நான்கு வெள்ளை வட்டங்கள்.

குனிந்து ஒன்றை நகத்தால் உரித்தேன். மற்ற மூன்றையும் உரிக்க நேரம் இருந்தது. உரித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கிளைட் மூச்சு வாங்க வந்து நின்றான். "பாராசூட்டு வரல. கருவி வேலை செய்யல. வயரு விட்டிருக்கும். யாரு மாட்டினது, கோரினா?"

"நான்தான்" என்றாள் அவள். முகம் வெளுத்திருந்தது. "மூணு தடவ சோதிச்சேனே கிளைட். நல்லாத்தான் இருந்துச்சு."

"எங்கயோ விட்ருக்கு, விடும்மா. எல்லாருக்கும் நடக்கறதுதான்." அட்டையில் எழுதினான். நான் எட்டிப் பார்த்தேன். மின்இணைப்புப் பிழை, பொருத்தியவர் கோரின் டானஹில்.

விரலில் ஒட்டியிருந்த நாடாவை உதறினேன். போகவில்லை.

"அத அடி, கிளைட்" என்றேன்.

"எத?"

"அந்தப் பேர அடி. அட்டைய இங்க குடு."

வாங்கி, என் கையாலேயே எழுதினேன்: காற்றுத் துளைகளை நாடாவால் மூடியதும், உரிக்க மறந்ததும், கேட்டபோது தலையாட்டியதும் மெரிட் டானஹில்.

கோரின் குனிந்து மீதி மூன்று வட்டங்களையும் பார்த்தாள். அவள் அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அழகுக்காகவா? அழகுக்காக நான் போட்ட ஓட்டைய அடைச்சீங்களாப்பா? அவர் என் பேர எழுதி முடிக்கிற வரைக்கும் சும்மா நின்னீங்க!"

அவள் வண்டியை நோக்கி நடந்துவிட்டாள்.

லோர்னா இறக்கைகளைச் சுற்றி ஒரு முறை நடந்தார். ஒன்றைப் பிடித்து அசைத்தும் பார்த்தார்.

"உங்கப்பா மாட்டினது கழண்டிருக்காதுன்னு இப்ப எனக்கே தோணுது, மெரிட். ஆனா முழுசா வரணும்னுதானே பேசினோம்?"

"ஆமா."

"அப்ப பலகை இருக்கும்."

"அக்டோபர்ல அடுத்த கூட்டம். வருவீங்களா?"

"குடையோட வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிளைட் மண்வெட்டியை நீட்டினான். "நானும் தோண்டவா?"

"வேணாம். இறக்கையில கை படும்."

ஏரித்தரை செங்கல் போல் இறுகியிருந்தது. நான்கு மணி வரை தோண்டியும் மூக்கு வரவில்லை. வண்டியின் கதவைச் சாத்திக்கொண்டு கோரின் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.