ஐந்நூறு அடியில் முகில்

சண்முகநாதன் அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் சுற்றறிக்கை வாசித்த மனிதர். யாருக்கும் விளங்காத எழுத்து என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. ஓய்வுபெற்ற பிறகு அந்த ஆசைக்குத் தீனி கிடைக்கவில்லை. இணுவில் வீட்டில் இருந்தபடி மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடியெழுத்துத் தாளைக்கூட விட்டுவைக்காமல் வாசித்தார். ஒருநாள், பலாலிக்கு வரும் சென்னை விமானம் வீட்டுக்கு மேலால் இரைந்துகொண்டு போனது. அதைப்பற்றிக் கைபேசியில் தேடப் போனவர், விமானநிலையத்து வானிலை அறிக்கைக்குள் போய் விழுந்தார்.

அரை மணிக்கு ஒரு வரி வரும். அந்த வரியில் முழுச்சொல் என்று ஒன்றும் இராது. எழுத்தும் எண்ணும் முட்டிமோதிக்கொண்டு நிற்கும். ஆர்.ஏ. என்றால் மழை, முன்னால் கூட்டல் குறி இருந்தால் கனமழை. பீ.கே.என். என்றால் வானத்தின் பெரும்பகுதியை முகில் மூடிவிட்டது. அது எத்தனை நூறடி உயரத்தில் நிற்கிறது என்பதைப் பின்னால் வரும் எண் சொல்லும். நேரம் இலண்டன் நேரம். யாழ்ப்பாணத்து மழைக்கு ஏன் இலண்டன் மணிக்கூடு என்று அவர் கேட்கவில்லை. சுற்றறிக்கை வாசித்துப் பழகியவர்கள் அப்படியெல்லாம் கேட்பதில்லை. இரண்டே மாதத்தில் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டார்.

அந்த அறிக்கையில் ஒரேயொரு சங்கடம் இருந்தது. அது இனி நடக்கப்போவதைச் சொல்லாது. மழை பெய்துகொண்டிருக்கும்போது, மழை பெய்கிறது என்று சொல்லும். பக்கத்துத் தோட்டக்காரன் இளையதம்பி இதை முதல்நாளே கண்டுபிடித்துவிட்டான்.

"உதை அண்ணாந்து பாத்தாலே தெரியுமே அண்ணை."

ஆனால் அதே இளையதம்பி வெங்காயம் காயப்போட்டிருந்த ஒருநாள், பலாலியில் இடிமழை என்றும் காற்று வடக்கிலிருந்து என்றும் அறிக்கை வந்தது. வடக்கில் கொட்டுவது தெற்கே வராமல் எங்கே போகும்? சண்முகநாதன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் படங்கு போடச் சொன்னார். கடைசிப் படங்கை விரிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. அன்றிலிருந்து ஊரில் அவருக்குப் 'பலாலியார்' என்று பெயர். கலியாண வீட்டுக்காரர், வீட்டுக்குக் கொங்கிறீற் தட்டுப் போடுகிற மேசன்மார், எல்லோரும் அவரைக் கேட்ட பிறகுதான் காரியத்தில் இறங்கினார்கள். தனக்குத் தெரிந்தது இந்த நேரத்து வானம் மட்டும்தான் என்று அவர் ஒருவருக்கும் வாய்திறந்து சொல்லவில்லை. கேட்கிற சனத்தை ஏமாற்றக் கூடாதே.

முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்பார்கள். ஊர் முழுக்க நம்பிய மனிதரை மனைவி கமலாவதி நம்பவில்லை. நம்பாமல் இருப்பதில் அவளுக்கு முப்பது வருடப் பழக்கம். அவர் அறிக்கையை எடுத்து நீட்டினால், "உங்களுக்குப் பலாலியைத் தெரியும். எனக்கு உங்களைத் தெரியும்" என்பாள். ஊரார் சிரிக்க அவரும் கூடச் சிரிப்பார். உள்ளுக்குள் அது அவருக்கு நோகத்தான் செய்தது.

கார்த்திகையில் கமலாவதியின் தமக்கை கேதீஸ்வரி சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. சண்டைக் காலத்தில் வள்ளத்தில் போனவள், இப்போதுதான் முதன்முதல் திரும்பி வருகிறாள். யாழ்ப்பாணத்தில் வெளியிலிருந்து வருகிறவர் முதலில் எந்த வீட்டில் பெட்டியை இறக்கி எந்த வீட்டில் கை நனைக்கிறார் என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. அதை வைத்துப் பிறகு இருபது வருடம் கதைப்பார்கள். கமலாவதிக்குப் போட்டியாக அரியாலையில் அவளுடைய தம்பியின் மனைவி இருந்தாள். மாடிவீடு, அறைக்கு அறை குளிரூட்டி. "முதற்சோறு உன்ரை வீட்டிலைதான்" என்று கேதீஸ்வரி தொலைபேசியில் கமலாவதிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அரியாலையாளோ, "மச்சாள் வந்திறங்கட்டுமே, பாப்பம்" என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்தே கமலாவதி அறைக்கு வெள்ளையடித்தாள், புது மெத்தை வாங்கினாள், பென்ஷன் காசில் கொமட்டும் பூட்டுவித்தாள்.

அந்த நாளும் வந்தது. விமானம் மூன்று மணிக்கு. மதியம் திரும்பியதுமே, வாடகைக்குப் பேசியிருந்த சுபாசின் வான் படலையில் வந்து நின்றது. மழையென்றால் அப்படியொரு மழை. கமலாவதி புதுச்சேலையோடு குடையை விரிக்கப் போக, சண்முகநாதன் கைபேசியைப் பார்த்தார். கனமழை. ஆயிரம் மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. முகில் ஐந்நூறு அடியில்.

"கமலா, பிளேன் இறங்காது. சென்னைக்கே திருப்பிக்கொண்டு போயிடுவாங்கள்."

சொல்லிவிட்டு வழக்கமான பதிலுக்குக் காத்து நின்றார். கமலாவதி வானத்தைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வடிவாப் பாத்தியளோ?"

"ஓம். முகில் கூரைக்கு மேலை நிக்குது. ஒரு பைலட்டும் இறக்கமாட்டான்."

அவள் குடையை மடித்தாள். "தம்பி சுபாஸ், நீர் போயிட்டு வாரும். பிளேன் வராதாம். இவர் சொல்லுறார்."

இவர் சொல்லுறார்! கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் கேளாத வார்த்தை. சண்முகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. மழைச்சாரல் என்று துடைத்துக்கொண்டார். கமலாவதி சேலையை மாற்றிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். வந்தவள் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தாள். "இதிலை மழையெண்டு எங்கை போட்டிருக்கு?" என்று கேட்டாள். அவர் காட்டினார். பீ.கே.என். என்றால் என்னவென்று கேட்டாள். அதையும் சொன்னார். அவள் பள்ளிக்கூடப் பிள்ளைபோல இரண்டுதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அக்கா வராத கவலையை அவள் அப்படித்தான் ஆற்றுகிறாள் என்பது அவருக்கு விளங்கியது. அதற்காகச் சந்தோசம் குறையவில்லை.

அப்போது அடுத்த வரி வந்தது. இணுவிலில் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது; பலாலியில் மழை தூறலாகிவிட்டது. ஆறாயிரம் மீற்றர் தெரிகிறது. முகில் கலைந்து ஆங்காங்கே உயரத்தில் நிற்கிறது. இறக்கத் தெரியாதவன்கூட இறக்குவான்.

சுபாஸ் மருதனார்மடச் சந்தியில்தான் வானை நிறுத்தியிருப்பான். ஒரு அழைப்பு எடுத்தால் வான் திரும்பி வந்துவிடும். பலாலிக்குப் போக நேரமும் தாராளமாக இருந்தது. சண்முகநாதன் கைபேசியைத் தொடையில் கவிழ்த்து வைத்தார்.

"என்னவாம் இப்ப?" என்றாள் கமலாவதி.

"அதே மாதிரித்தான்" என்றார் அவர்.

மூன்று மணியளவில் முகிலுக்கு மேலே எங்கோ இரைச்சல் கேட்டது. கமலாவதி தலையை நிமிர்த்தினாள். அவள் கேட்கும் முன்பே அவர், "இடி" என்றார்.

கேதீஸ்வரியின் அழைப்பு மாலையில் வந்தது. அரியாலையாளின் இலக்கத்திலிருந்து. கமலாவதி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஏன் கமலா வரேல்லை? பெட்டியையும் வைச்சுக்கொண்டு வாசலையே பாத்துக்கொண்டு நிண்டனான்."

"அக்கா! பிளேன் வந்ததோ? மழைக்கு இறங்காதெண்டெல்லே நினைச்சம்."

"ஆர் உனக்குச் சொன்னது? மச்சாள் கொட்டுற மழையிலை வந்து மத்தியானத்திலையிருந்து காத்து நிண்டவ. வருமோ வராதோ எண்டு அவவுக்கென்ன தெரியும்? வந்து நிண்டவ. அவ்வளவுதான்." பிறகு, "நான் சாப்பிட்டிட்டன் கமலா" என்றாள் கேதீஸ்வரி.

சண்முகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். இனி ஏச்சு வரும் என்று அவருக்குத் தெரியும். வந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

"உன்ரை மனிசன்ரை வேலையோ இது?" என்றது தொலைபேசி.

"அவரை ஒண்டும் சொல்லாதை அக்கா." கமலாவதி சொல் சொல்லாகத் தெளிவாகச் சொன்னாள். "முகில் ஐந்நூறு அடியிலை நிண்டது. பீ.கே.என். என்ரை கண்ணாலை பாத்தனான். அவர் கடைசி மட்டும் போனைக் கையிலை வைச்சுப் பாத்துக்கொண்டுதான் இருந்தவர். பொய் சொல்லுற மனிசன் இல்லை அவர்."

கதைத்து முடித்துவிட்டு அவள் குசினிக்குப் போனாள். திரும்பி வரும்போது சாப்பாட்டுக் கோப்பையில் சோறும், விடியப்புறம் பண்ணை மீன்சந்தைக்கு ஆள்விட்டு எடுத்த கணவாயின் கறியும் இருந்தன. அக்காவுக்கென்று வைத்த பெரிய துண்டுகளையெல்லாம் அவருக்கே போட்டிருந்தாள்.

"சாப்பிடுங்கோ" என்றாள். "நீங்கள் என்ன செய்வியள்? உள்ளதைத்தானே சொன்னனீங்கள்."

சண்முகநாதன் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.