பரிசீலனையில் இருக்கும் போன்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இந்தக் குடும்பத்துக்கு இந்த ஆண்டு ஒரு புதிய போன் வாங்கப்படும். எந்த போன், எப்போது, என்ன நிறம் ஆகியவை தீர ஆராய்ந்த பின் தெரிவிக்கப்படும். அதுவரை குடும்பத்தினர் பொறுமை காத்து ஒத்துழைக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பனியனோடு, வாயோரம் பற்பசை நுரையோடு இந்தப் பிரகடனத்தைச் செய்தவர், டயர் கிடங்கு ஒன்றில் இருப்புக் கண்காணிப்பாளராக வேலை பார்ப்பவர். வீட்டில் அவருக்குக் கமிட்டி என்று பெயர். பெயர் வைத்தது மகள். குளியலறைக் குழாய் ஒழுகினால், ஒழுக்கின் தன்மை என்ன, மூலம் எங்கே, வாஷர் மாற்றுவதா குழாயையே மாற்றுவதா என்று வாரக்கணக்கில் ஆராய்வார். வாளி நிரம்பி வழிந்து யாராவது குழாய்க்காரரைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகு, "நானும் இதைத்தான் சொல்ல இருந்தேன்" என்பார்.

அறிவிப்பைக் கேட்ட மனைவிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பாவம், அப்போது அவளுக்கு விவரம் பத்தவில்லை.

அவள் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் திரைச்சீலை தைத்து மாட்டுகிறவள். வாடிக்கையாளர்களுக்கு அவள் கர்ட்டன் அக்கா. அவள் கையில் இருந்த போன், சில வருடங்களுக்கு முன் கமிட்டி பயன்படுத்திக் கழித்துக் கொடுத்தது. அந்த வீட்டின் சட்டம் அது. புதுசு வந்தால் கமிட்டிக்கு. கமிட்டியின் பழசு மனைவிக்கு. மனைவியின் பழசு மகளுக்கு. மகளுடையது மாடியில் குடியிருக்கும் கமிட்டியின் தம்பிக்கு. மேலே ஒன்று வந்தால்தான் கீழே ஒன்று இறங்கும். நடுவில் யாரும் தானாகப் புதுசு வாங்கி நுழையக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் தம்பி ஒரு தடவை சொந்தமாக ஒன்று வாங்கி வந்து, ஏன் இதை வாங்கினாய், யாரைக் கேட்டாய், இதன் பேட்டரி உப்பும் என்று தெரியுமா என்று அண்ணனிடம் நாள் தவறாமல் விசாரணைக்கு ஆளாகி, கடைசியில் பேட்டரி உப்பியதோ இல்லையோ, தம்பியின் முகம் உப்பிப்போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

கர்ட்டன் அக்காவின் போன் அந்தச் சமயத்தில் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தது. திரையின் மேல் பாதிக்குத் தொடு உணர்ச்சி போய்விட்டது. அழைப்பு வந்தால் பச்சைப் பொத்தான் செத்த பகுதியில் வந்து நிற்கும். போனைக் குறுக்கே திருப்பி, படம் புரண்டு, பொத்தான் உயிருள்ள பக்கம் வந்து சேர்வதற்குள் அழைத்தவர் வைத்துவிடுவார். கேமராவின் கண்ணாடிக்குள் எப்படியோ புகை மாதிரி ஒரு படலம் நுழைந்திருந்தது. அதில் எடுத்தால் வெயில் நாளும் மார்கழிக் காலை மாதிரி இருக்கும்.

வேறு தொழிலாக இருந்தால் சமாளித்துவிடலாம். அவள் தொழிலே அந்தக் கேமராவில்தான் இருந்தது. முன்பெல்லாம் ஏணியில் நின்று அளந்து, தாளில் எழுதி, வெட்டுகிறவனுக்குக் கொடுப்பாள். துணி தவறாக வெட்டுப்பட்டால், "நீங்க எழுதினது ஒன்னு மாதிரிதான் இருந்துச்சுக்கா" என்பான் அவன். "ஏழுக்கு மூக்கு வச்சிருக்கேன், கண்ணு தெரியலயா" என்பாள் இவள். இந்தச் சண்டை ஓய்வதற்காகவே இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். எழுத்தே வேண்டாம். ஜன்னலில் டேப்பை இழுத்துப் பிடித்து, எண் தெரிகிற இடத்தைப் படம் எடுத்து அனுப்புவது. படத்தில் உள்ளதை அவன் வெட்டுவது. படம் பொய் சொல்லாது என்று இருவரும் நம்பினார்கள். கேமராவுக்குக் கண்புரை வரும் என்று இருவரும் எதிர்பார்க்கவில்லை.

கமிட்டியின் ஆய்வு மும்முரமாக நடந்தது. சாப்பிடும்போது ஒரு வீடியோ, சவரம் செய்யும்போது ஒரு வீடியோ. முன்பின் தெரியாத இளைஞர்கள் ஒரு போனைப் பெட்டியிலிருந்து எடுப்பதை, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற தகப்பன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைக்குக் கிளம்ப சட்டை மாட்டுவார். அந்த நேரம் பார்த்து, அதைவிட நல்லது இரண்டு மாதத்தில் வரப்போகிறது என்று ஒருவன் எங்கிருந்தோ சொல்வான். சட்டை மறுபடி கொடிக்குப் போகும்.

"இப்ப வாங்கறவன் ஏமாளி" என்பார். "அது வந்துச்சுன்னா இது விலை குறையும்."

அது வரும். இது விலை குறையும். "குறைஞ்ச விலைக்குப் பழசை வாங்கறதா? இன்னும் கொஞ்சம் பொறுத்தா இதுக்கு அடுத்தது வந்துடும்" என்பார். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, பின்னால் காலியாக ஒன்று வருகிறது என்று ஒவ்வொரு பஸ்ஸையும் விட்டுக்கொண்டே இருக்கிற ஆளை அவளுக்குத் தெரியும். அந்த ஆளையே கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் புதிதாகத் தெரிந்தது.

இதற்கு நடுவில்தான் புதிதாகக் கட்டிய தனியார் மருத்துவமனை ஒன்றிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். மூன்று தளம். எல்லா அறைக்கும் திரை. இதுவரை வீட்டு ஹால், படுக்கையறை என்று உதிரியாகத் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு இப்படி ஒன்று வாய்த்ததே இல்லை. இது கிடைத்தால் வாடகைத் தையல் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று போடலாம், வெட்டுகிறவனுக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்றெல்லாம் மனக்கோட்டை கட்டினாள். நிர்வாகி அம்மாள் கறார். முதலில் ஒரே ஓர் அறைக்கு மாதிரி மாட்டிக் காட்டச் சொன்னார்.

அவள் அளந்தாள், படம் எடுத்தாள், அனுப்பினாள். டேப்பில் இருந்தது இருநூற்றுப் பதினெட்டு. புகைப்படலத்தில் எட்டின் இடது பக்கம் கரைந்துபோய் மூன்றாகிவிட்டது. வெட்டுகிறவன் ஒப்பந்தத்தை அட்சரம் பிசகாமல் மதித்து இருநூற்றுப் பதின்மூன்றுக்கு வெட்டினான்.

மாட்டிய திரை தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. கீழே ஐந்து சென்டிமீட்டர் வெளிச்சம் பல்லைக் காட்டியது. நிர்வாகி அம்மாள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து இவளைப் பார்த்தார்.

"இன்னும் துவைக்கவே இல்ல. அதுக்குள்ள சுருங்கிடுச்சா?"

கர்ட்டன் அக்கா டேப்பை எடுத்துத் திரையின் கீழே பிடித்து அளந்து பார்த்தாள். என் கணவர் இன்னும் ஆராய்ச்சியை முடிக்கவில்லை என்று வெளியாளிடம் எப்படிச் சொல்வது? தப்பு தன்னுடையதுதான், மறுபடி தைத்துத் தருகிறேன் என்றாள். வெள்ளிக்கிழமை காலை வந்து மூன்று தளமும் தன் கண்ணெதிரில் அளக்கட்டும், அளவு அங்கேயே சரிபார்க்கப்பட வேண்டும், இன்னொரு தடவை பிசகினால் வேறு ஆள் தயாராக இருக்கிறார் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார்.

அன்று மாலை அவள் கமிட்டியிடம் மனு போட்டாள். புதுசு வேண்டாம், வெள்ளிக்கிழமை ஒரு நாள் உங்கள் போனையாவது கொடுங்கள் என்று கேட்டாள்.

அவர் தன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இதையா? இது எந்நேரம் படுக்கும்னு தெரியாம நானே உசிரைக் கையில புடிச்சிட்டு ஓட்டிட்டு இருக்கேன். இதை நம்பி ஆஸ்பத்திரி வேலைக்குப் போவியா?"

"அப்ப புதுசு வாங்குங்க."

"அடுத்த மாசம் ஒன்னு வருது. அதுல கேமராவே வேற."

"என் கஸ்டமரும் அடுத்த மாசம் வேற ஆளைப் பாத்துக்குவாங்க."

அவசரத்தில் எடுக்கும் முடிவுகளால் உலகில் நேர்ந்த கேடுகளைப் பற்றி அவர் சற்று நேரம் பேசினார். மகள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு எழுந்து போனாள். கர்ட்டன் அக்காவும் எழுந்து போய், மடிக்க வேண்டியதே இல்லாத துணிகளை எடுத்து மறுபடி மடித்தாள். அடி விழுவது போல ஒவ்வொரு மடிப்பிலும் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை மதியம் கொக்கி வாங்கப் போனவள், கொக்கிக் கடைக்கு இரண்டு கடை தள்ளி இருந்த போன் கடைக்குள் நுழைந்துவிட்டாள். என்ன மாடல் பார்த்திருக்கிறீர்கள் என்று விற்பனைப் பெண் கேட்டாள்.

"நான் ஒன்னும் பாக்கலம்மா. வீட்ல ஒருத்தர் வருஷம் பூரா பாத்துட்டு இருக்கார். எனக்குக் கேமரா தெளிவா இருக்கணும். பச்சை பட்டனைத் தொட்டா போனை எடுக்கணும். அவ்வளவுதான்."

அந்தப் பெண் ஒன்றை எடுத்து வைத்தாள். கர்ட்டன் அக்கா பையிலிருந்து டேப்பை எடுத்து மேசை மேல் விரித்து, ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். எட்டு எட்டாகவே இருந்தது. பணத்தைக் கட்டிவிட்டாள். கடையில் அவளுக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் விஷயம் முடிந்துவிட்டது. இதற்கா இத்தனை மாதம் என்று அவளுக்கு உள்ளபடியே எரிச்சல் வந்தது.

வீட்டில் மேசை மேல் புதிய பெட்டியைக் கண்டதும் கமிட்டி சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். கிடங்கில் கணக்கில் வராத டயர் ஒன்றைக் கண்டவர் போலச் சுற்றி வந்தார். எடுத்தார். எடை பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவள் விசாரணைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நானும் கடைசியா இதுக்குத்தான் வந்திருந்தேன்" என்றார்.

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. பழைய போனில் இருப்பதையெல்லாம் மாற்றித் தருகிறேன், உனக்குத் தெரியாது, சிம்மையும் கொடு என்று அவரே கேட்டபோது, இந்த மனிதருக்குள்ளும் இப்படி ஒரு மனிதர் இருக்கிறாரே என்று நெகிழ்ந்துகூடப் போனாள். நிம்மதியாகப் போய்த் துணி மாதிரிகளை இஸ்திரி போட்டாள்.

காலையில் குளித்துவிட்டு வந்தபோது கமிட்டி வேலைக்குப் போய்விட்டிருந்தார். மேசை மேல் இருந்தது அவருடைய பழைய போன். உள்ளே அவளுடைய சிம்.

"அப்பா சொல்லச் சொன்னாங்க" என்றாள் மகள். "உன் போன் ரெடியாம். சார்ஜ் ஃபுல்லா இருக்காம்."

"அப்ப நான் வாங்கினது?"

"புதுசு வந்தா யாருக்குப் போகும்? உனக்குத் தெரியாதாம்மா?" பக்கத்தில் கிடந்த அம்மாவின் பழைய போனை மகள் இரண்டு விரலால் தள்ளினாள். "இது எனக்காம். எனக்கு வேணாம். என்னோடதுல முழு ஸ்கிரீனும் வேலை செய்யுது."

கர்ட்டன் அக்கா வாயைத் திறந்தாள். வந்த வார்த்தை எதுவும் மகள் காதில் விழத்தக்கதாக இல்லாததால் மூடிக்கொண்டாள். கிடங்குக்குப் போய்ப் பிடுங்கிவர நேரமில்லை. எந்நேரமும் படுக்கும் என்று உரியவரே சொன்ன போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வழி நெடுக அவரைக் கரித்துக் கொட்டியபடி மருத்துவமனைக்குப் போனாள்.

நிர்வாகி அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு ஏணியடியில் நின்றார். இவள் மேலே ஏறி டேப்பை இழுத்தாள். படுத்துவிடாதே என்று போனை மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு படம் எடுத்து அனுப்பினாள். உடனே மணி அடித்தது. பழக்கதோஷத்தில் போனைக் குறுக்கே திருப்பினாள். பிறகு நினைவு வந்து நேராக்கிப் பச்சைப் பொத்தானைத் தொட்டாள். எடுத்தது.

"அக்கா," என்றான் வெட்டுகிறவன், "எண்ணு மட்டுமில்ல, டேப்புல ஒட்டியிருக்கற பசைகூடத் தெரியுது. தொடச்சு வைங்க."

அந்த அம்மாள் போனை வாங்கிப் படத்தையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த அறைக்கு நடந்தார். மூன்று தளம் ஏறி இறங்கி முடித்தபோதும் போன் படுக்கவில்லை, சுணங்கவில்லை, சூடாகக்கூட இல்லை. முதல் தளத்துத் துணியை எப்போது கொண்டுவருவீர்கள் என்று நிர்வாகி அம்மாள் கேட்டார். வேலை அவளுக்குத்தான்.

சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் திரும்பும் வழியெல்லாம் அவள் அந்த போனைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லா மூலையும் தொட்டுப் பார்த்தாள். தெருவை, ஏணியை, தன் செருப்பை எல்லாம் படம் எடுத்துப் பார்த்தாள். செருப்பின் தையல்கூடப் பளிச்சென்று தெரிந்தது.

மாலையில் கமிட்டி சோபாவில் சாய்ந்து புதிய போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதிரில் போய் நின்றாள். வேலை கிடைத்ததைச் சொல்லவில்லை. கத்தவும் இல்லை.

"என்னங்க, இந்த போனுக்கு என்ன கோளாறு?"

"எதுக்கு?"

"நீங்க இத்தனை மாசமா மாத்தணும்னு சொன்னீங்களே, இதுக்கு."

அவர் வீடியோவை நிறுத்தினார். பழைய போனை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி, இந்தக் கோணத்தில் இதுவரை யாரும் அணுகாத ஒரு கேள்வியை எடைபோடுபவராகச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார்.

"கோளாறு ஒன்னும் இல்ல" என்றார்.