பட்டியலில் தவமலர்

இலங்கையின் கடைசிப் போரில் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று இணையத்தில் வந்திருந்தது. தவமலர் அதில், போரில் பிரிந்து காணாமல்போன தன் தங்கை மதிமலரைத் தேடினாள். இல்லை. நிம்மதியாகக் கைப்பேசியை வைக்கப்போனவள், தன் ஊரின் பக்கத்தை மட்டும் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். அங்கே அவளுடைய பெயரே இருந்தது. அப்பா பெயர், வயது, ஊருக்குள் அவர்கள் இருந்த குறிச்சி, எல்லாம் சரி.

போர் முடிந்தபின் அகதியாக வந்து, நீடாமங்கலம் கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறவள் அவள். வாடகைக்கு ஓர் அறை. பேச்சு வேறாக இருப்பதால் ஆட்கள் முதலில் ஊரைக் கேட்பார்கள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

பட்டியலின் கீழிருந்த முகவரிக்கு எழுதினாள். மறுவாரம் பரிதி வந்தான். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். பட்டியலைத் தொகுத்த குழுவுக்காகப் பெயர்களைச் சரிபார்க்கிறவன். அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தான்.

"அரசாங்கம் ஒரு கணக்கு சொல்லுது, வெளியில இருக்கவங்க அதைவிடப் பலமடங்கு சொல்றாங்க. உசுரோட இருக்கவங்களயெல்லாம் சேத்து எழுதிட்டாங்கன்னு எங்களைத் திட்டறதுக்கே ஆள் இருக்குக்கா. இப்ப நீங்க..."

"நான் உயிரோட இருக்கிறன் தம்பி. அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஐயோ, உங்களைக் குத்தம் சொல்லலைக்கா. தப்புன்னா நாங்களே எடுத்துடணும். இல்லாட்டி மிச்சப் பேரையும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

"என்ர பேரை ஆர் குடுத்தது?"

"அதைச் சொல்லக் கூடாதுக்கா. சாட்சி சொன்னவங்களுக்கு வாக்கு குடுத்திருக்கோம்."

"வீட்டு விபரமெல்லாம் சரியா இருக்குது. தெரிஞ்ச ஆள்தான் சொல்லியிருக்கு." அவள் குரல் தணிந்தது. "என்ர தங்கச்சியா இருந்தா?"

அந்த ஆளிடம் கேட்டுப் பார்க்கிறேன், சம்மதித்தால் பேசச் சொல்கிறேன் என்று மட்டும் பரிதி சொல்லிவிட்டுப் போனான்.

பட்டியலில் செத்துப்போயிருந்த அந்த நாட்களில்தான் தவமலர் பல வருடங்களுக்குப் பிறகு தலைக்குப் பூ வாங்கினாள். மதி தன்னை இழந்துவிட்டதாக அழுதிருப்பாள், எங்கோ ஒரு குளிர்நாட்டில் பிள்ளை குட்டிகளோடு இருப்பாள் என்று தையல் மெஷினை மிதித்தபடியே நினைத்துக்கொண்டாள். இதைச் சொல்ல ஆள் இல்லை. சொன்னால் கலைந்துவிடும் என்றும் பயந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைப்பு வந்தது. ஆண் குரல்.

"பிள்ளை, நான் கனகலிங்கம் மாஸ்டர் கதைக்கிறன். உண்மையா நீதானோ?"

அவளுடைய ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். இப்போது ஜெர்மனியில் இருக்கிறாராம். அவர் அழுதார். அவளால் உடனே அழ முடியவில்லை. தங்கையின் குரலுக்காகத் தயாராக இருந்த காது இன்னும் அப்படியே இருந்தது.

"நான் என்ர கண்ணால கண்டனான் பிள்ளை. பதுங்குகுழிக்குப் பக்கத்தில ஒரு உடம்பு குப்புறக் கிடந்தது. முகத்தைப் பார்க்கேல்ல. ஷெல் விழுந்துகொண்டிருந்தது, திருப்பிப் பார்க்க நேரமில்லை. உன்ர பச்சைச் சட்டை, வெள்ளைப் பூப் போட்டது. நீ எண்டுதான் சொன்னனான். என்னை மன்னிச்சுக்கொள்."

தவமலர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மாஸ்டர்," என்றாள் கடைசியில். "அந்தச் சட்டையை நான் மதிக்குக் குடுத்தனான். பிரிஞ்ச அண்டைக்குக் காலமை."

அந்தப் பக்கம் மாஸ்டர் மறுபடி அழத் தொடங்கினார். பிறகு அழைப்பு அறுந்தது.

பரிதி மறுபடி வந்தபோது அவள் பெயரை எடுத்துவிட்டிருந்தான். மதிமலரைச் சேர்க்க அவளுடைய வாக்குமூலம் வேண்டும் என்றான். அவசரமில்லை என்றும் சொன்னான்.

"சேர்த்தா எத்தினை வரும்?"

அவன் தயங்கினான். "மொத்தம் மாறாதுக்கா. ஒண்ணு போயி ஒண்ணு வருது."

அவள் தலையாட்டினாள். பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள். வயது சொன்னாள். மதி நன்றாகக் கணக்குப் போடுவாள், பல்லிக்குப் பயப்படுவாள் என்றும் சொன்னாள். அதற்குப் படிவத்தில் இடமில்லை. ஆனாலும் பரிதி பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான், அவனுடைய ரயிலுக்கு நேரமாகும்வரை.

மறுநாள் கடை முதலாளியம்மா பிரகதீஸ்வரியிடம் லீவு கேட்டாள்.

"என்ன விசேஷம்?"

"வீட்டில சாவு அக்கா."

"ஐயய்யோ! யாருக்கு? எப்போ?"

"தங்கச்சி. பதினாறு வருசமாச்சு."

பிரகதீஸ்வரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். எப்படித் துக்கம் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. "உனக்குத் தங்கச்சி இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

தவமலர் வெண்ணாற்றுக்கு நடந்தாள். சம்பா நடவுக்குத் திறந்துவிட்ட தண்ணீர் கலங்கலாக, இழுத்துக்கொண்டு ஓடியது. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சற்று நகர்ந்து இடம் விட்டார்கள். மூன்று முறை முங்கினாள். ஈரச் சேலையோடு படியில் ஏறி, தலையைத் துவட்டாமல், வெயிலில் தனியாக உட்கார்ந்தாள்.