கருநீலத்தில் ஒரு வெளுத்த வட்டம்

துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் என் அம்மா. சலவைக்கடையில் கறை எடுக்கும் மேசை அவளுடையது. காலரைப் பார்த்து, "இவன் தலைக்கு மை அடிக்கிறான்" என்பாள். சட்டைப்பையில் மிட்டாய்ப் பிசுக்கைப் பார்த்து, "மேனேஜருக்குச் சர்க்கரை. வீட்டுக்குத் தெரியாம திங்கறாரு" என்பாள். கடையில் இருப்பவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து கேட்பார்கள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டோடு பரிமாறுவாள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள். ஆனால் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்துவிடும், அதுதான் தொல்லை.

எங்களை அதிகம் சிரிக்க வைத்தது பெண்களின் துணிகள்தான். பாங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண், பின்பக்கம் கறைபட்ட புடவையைச் சுருட்டி, அதற்கு மேல் போர்வை, அதற்கும் மேல் இன்னொரு போர்வை என்று சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொண்டுவருவாராம். அம்மா அதைக் கவுன்ட்டரிலேயே பிரித்து விரிப்பாளாம். "டீ கொட்டிடுச்சுங்கறாங்க. உட்கார்ற இடத்துல எப்படிடி டீ கொட்டும்?" அப்பா கை கழுவ எழுந்து போய்விட்டார். நான் சோறு புரையேறும் அளவுக்குச் சிரித்தேன்.

எனக்கு அது தொடங்கியபோது நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மாதவிலக்கு முடிந்து, அடுத்தது வர இன்னும் நாள் இருக்கும்போதே, நடுவில் பழுப்பாக ரத்தம் துணியில் பட்டது. கூடவே அடிவயிற்றின் வலது பக்கம் யாரோ பிடித்துத் திருகுவது மாதிரி ஒரு வலி. அடுத்த மாதமும் வந்தது. அதற்கடுத்த மாதமும். பல்லைக் கடித்துக்கொண்டு வாடிக்கையாளர் மூக்கில் கண்ணாடியைப் பொருத்தி, "தெளிவா தெரியுதா சார்?" என்று கேட்பேன். அவர் பணம் கட்டப் போனதும், பின்னறையில் லென்ஸ் பெட்டிகள் மேல் கவிழ்ந்து கிடப்பேன்.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. என் உடம்பில் ஏதோ அசிங்கம் நடக்கிறது, நான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்றே தோன்றியது. என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. அம்மா வீட்டில் வைத்திருக்கும் பெராக்சைடு பாட்டிலை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ரத்தக்கறைக்கு அது நல்ல மருந்து, நுரைத்துக்கொண்டு போய்விடும். கறைக்காரி பெண்ணுக்கு இதுகூடவா தெரியாது? கருநீலத் துணியில் ஊற்றினால் உடனே அலசிவிட வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் ஒருநாள் கருநீலச் சுடிதாரில் ஊற்றிவிட்டு, வலி தாங்காமல் ஈரத்தரையிலேயே சுருண்டுவிட்டேன். எழுந்து பார்த்தபோது கறை போயிருந்தது. அந்த இடத்துச் சாயமும் போய், வெள்ளையாக ஒரு வட்டம் இருந்தது.

அம்மா அந்தச் சுடிதாரைக் கொடியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேசையில் துணியைப் பிடிக்கும்போது இருக்கும் அதே முகம்.

"இது ரத்தத்துக்கு ஊத்தினது."

நான் துணியை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"உனக்குத்தான் எப்பவோ முடிஞ்சுபோச்சே. இது எங்கிருந்து வந்துச்சு?"

"தெரியலம்மா."

"பாட்டில் வேற குறைஞ்சுக்கிட்டே வருது. தண்ணி கலந்து வச்சா எனக்குத் தெரியாதா?" அவள் குரல் இறங்கியது. "யாருடி அவன்? கலைச்சுட்டியா?"

என்னை உற்றுப் பார்த்த ஒரே ஆம்பளை, கண்ணாடியைத் தொலைத்துவிட்டுக் கடைக்கு வந்த ஒரு தாத்தாதான். வேறு நாளாக இருந்தால் இதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருப்போம். 'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அழுகையைப் பார்த்ததும் அம்மா முடிவே கட்டிவிட்டாள்.

தெரிந்தவர்கள் கண்ணில் படாத ஆஸ்பத்திரியாகத் தேடி, இரண்டு பஸ் மாறிக் கூட்டிப் போனாள். என் பக்கத்தில் உட்காரவில்லை. டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். நாங்கள் உட்காருவதற்குள் அம்மா கேட்டுவிட்டாள்: "மறைக்காம சொல்லிடுங்க டாக்டர். இவ கலைச்சிருக்காளா, இல்லையா?"

கதவு திறந்தே இருந்தது. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். வெளியே வரிசையில் இருந்தவர்களும் பார்த்திருப்பார்கள். நான் திரும்பவே இல்லை. அந்த இடத்திலேயே செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

டாக்டர் அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார். என்னிடம் எல்லாவற்றையும் தனியாகக் கேட்டார், நான் தரையைப் பார்த்தபடி சொன்னேன். சிறுநீர் சோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்த பிறகு, "அம்மாவைக் கூப்பிடலாமா?" என்று என் சம்மதம் கேட்டுத்தான் கூப்பிட்டார்.

"கர்ப்பமும் இல்ல, கலைச்சதும் இல்ல. நடுவுல ரத்தம் பட்டா அது ஒண்ணுதான் காரணமா? முட்டை வெளிய வர்ற நேரத்துல சிலருக்கு லேசா படும், ஒரு பக்கம் வலிக்கும். அதுல பயமில்ல. தைராய்டு இருக்கலாம், ஹார்மோன் கோளாறு இருக்கலாம், கர்ப்பப்பையில சதை வளர்ந்திருக்கலாம், கிருமி தொத்தியிருக்கலாம். துணியைப் பார்த்தெல்லாம் சொல்ல முடியாதும்மா. உள்ள பார்த்தாத்தான் தெரியும்."

"இவளுக்கு என்ன?" என்றாள் அம்மா.

"வலது சினைப்பையில கட்டி. உள்ள பழைய ரத்தம் தேங்கின மாதிரி தெரியுது. கர்ப்பப்பைக்குள்ள இருக்கிற மாதிரி சவ்வு வெளியிலயும் வளர்ந்தா இப்படி வரும். இப்போதைக்கு மாத்திரை தர்றேன். ஆபரேஷன் வேணுமாங்கறதை அடுத்த ஸ்கேன்ல பார்ப்போம்." பிறகு என்னைப் பார்த்தார். "இவ்வளவு வலியை வச்சுக்கிட்டு ஏம்மா இத்தனை மாசம் சும்மா இருந்தே? அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"அம்மா இதையெல்லாம் சாப்பிடும்போது சொல்லுவாங்க, டாக்டர்," என்றேன். "நாங்க சிரிப்போம்."

டாக்டருக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. மருந்து பட்டுப் பட்டுத் தோலுரிந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா பேசாமல் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த ஸ்கேனுக்குப் போகும் நாளில் அவளைக் கூட்டிப்போகக் கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் ஒரு பெண் நின்றிருந்தார். நான் அவரை அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் மூட்டையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. போர்வைக்கு மேல் போர்வை, இறுக்கி ஒரு முடிச்சு.

"டீ கொட்டிடுச்சு," என்றார், தலையை நிமிர்த்தாமல்.

இஸ்திரி போடுபவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கதை கேட்க இந்தப் பக்கம் திரும்பினார். அம்மா முடிச்சின் மேல் கை வைத்தாள். அவிழ்க்கவில்லை. மூட்டையை அப்படியே தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வலி ஏதாவது இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தார். முகம் கன்றிப்போயிருந்தது. புரையேறப் புரையேற நான் சிரித்தது இந்த முகத்தைத்தான். அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்கத் தைரியமில்லாமல், வாசலில் போய் நின்றுகொண்டேன்.