காட்மாண்டுக்குப் போக வேண்டிய மிளகாய்

அமீருன்னிசா மொட்டைமாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை வாங்கி, காயவைத்து, மெஷினில் கொடுத்து அரைக்கிற வீட்டு மிளகாய் அல்ல இது. காட்மாண்டுக்குப் போக வேண்டிய மிளகாய். பக்கத்தில் ஒரு முறத்தில் மல்லி, பழைய வேட்டித் துண்டில் மஞ்சள். கீழே முற்றத்திலிருந்து அவள் ஓரகத்தி ஷரீபுன்னிசாவின் குரல் ஏறி வந்தது.

"அமீரு, மூணு ஆம்பளைங்களுக்கும் சேத்தே போடு. பாலக்கோடு பாய்க்குக் காரம் தூக்கலா இருக்கணுமாம்."

அமீருன்னிசா மிளகாயைக் கையால் பரப்பினாள். நெடி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. இமயமலைக்குப் பக்கத்தில் போய் நின்றாலும் இதே நெடிதான் அடிக்கும் என்று நினைத்தபோது, முறத்தைத் தூக்கி அப்படியே தெருவில் கொட்டிவிட வேண்டும் போல் ஆத்திரமாக வந்தது.

எல்லாம் டயரால் வந்தது. அவள் கணவன் தஸ்தகீர் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு அருகே சைக்கிள் டயர், டியூப், உதிரி பாகங்கள் கடை வைத்திருந்தான். அந்த வருஷம் மாவட்டத்திலேயே அதிகம் டயர் விற்றவர்களுக்குக் கம்பெனி காட்மாண்டு டூர் அறிவித்திருந்தது. ஒரு வியாபாரிக்கு இரண்டு பேர். கல்கத்தா வரைக்கும் ரயில், அங்கிருந்து விமானம். கடையில் இடம் போதாமல் சரக்கு முழுக்க அவர்கள் படுக்கிற அறையில்தான் அடுக்கியிருந்தது. கட்டிலைச் சுற்றி உத்தரம் வரைக்கும் டயர். இருந்த ஒரே ஜன்னலையும் இருபத்தெட்டு அங்குல டயர்கள் அடைத்துக்கொண்டு வருஷக்கணக்காகிறது. புடவையை உதறினால் ரப்பர் வாடை. அறைக்குப் பூட்டு கிடையாது. எந்நேரமும் யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "ரெண்டு டியூப் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தலை சீவிக்கொண்டிருந்தாலும் சரி, தொழுதுகொண்டிருந்தாலும் சரி. குளியலறை ஒன்று, வீட்டில் ஆட்கள் ஒன்பது பேர். அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே உலையில் சாப்பிடுகிற வீடு.

கம்பெனி ஆள் மாதேஸ்வரன் சேலத்திலிருந்து வந்து ஒரு வழவழப்பான மடிப்புத்தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். தங்குவதற்கு இரண்டு இடம் இருக்கிறது, எது வேண்டுமோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றான். ஒன்று, ஊருக்கு வெளியே பெரிய ஓட்டல். அதற்குள்ளேயே கேசினோ என்கிற சூதாட்டக் கூடம். இன்னொன்று, பஜாருக்குள் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் சாதாரண லாட்ஜ். அறைகளோடு சின்னதாக ஒரு சமையல்கட்டும் உண்டு. வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக ஏற்பாடு செய்தது.

தஸ்தகீர் அன்று சாயங்காலம் அந்தத் தாளைக் கொண்டுவந்து கட்டிலின் மேல் விரித்தான்.

"பாரு. உனக்கு எது புடிச்சிருக்குது?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். பெரிய ஓட்டலின் அறை ஒன்று படத்தில் இருந்தது. சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு. கதவில் பித்தளைத் தாழ்ப்பாள். சுவர் முழுக்க ஜன்னல், ஜன்னல் முழுக்கப் பனிமலை. அடுத்த மடிப்பில் கேசினோ. காசுபோல எதையோ அடுக்கிவைத்த வட்ட மேஜைகளைச் சுற்றிக் கோட்டு போட்ட ஆண்கள், நெற்றி நிறையப் பொட்டு வைத்த பெண்கள், தலைக்குமேல் தொங்கும் விளக்குகள்.

"இதெல்லாம் எங்க இருக்குது?"

"அது கீழ. ரூம்பு மேல."

"நாம மேலதான இருக்கப்போறோம்? இதுவே இருக்கட்டும்" என்று ஜன்னல் மேல் விரல் வைத்தாள்.

அவன் சிரித்தான். "சரி" என்றான். அந்த 'சரி'யை நம்பி அவள் புதிதாக ஒரு பூட்டுப் பெட்டி வாங்கிவரச் சொன்னாள். அறைக்குள் போனதும் என்ன செய்யலாம் என்று அரிசி களையும்போதெல்லாம் யோசித்தாள். முதலில் தாழ்ப்பாளைப் போட வேண்டும். பிறகு ஒன்றும் செய்யக்கூடாது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, யாரும் எதற்கும் கூப்பிடாத ஒரு பகல் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

ஆனால் விஷயம் வீட்டைச் சுற்றி வந்தது. மூத்தவர் அப்துல் கனி சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி தம்பியைக் கேட்டார்.

"சூதாட்ற எடத்துல வூட்டுப் பொம்பளையக் கொண்டுபோய்த் தங்க வெப்பியா? ஜமாத்துல நாளைக்கு எவனாவது கேட்டா நான் என்னா பதில் சொல்றது?"

"இல்லண்ணே, அது வேற மாடி..."

"எந்த மாடியா இருந்தா என்னா? ஒரே வாசப்படிதான?"

தஸ்தகீர் தட்டை இழுத்துச் சோற்றைப் பிசைந்தான். மறுநாள் பாலக்கோடு அக்பர் அலி கடைக்கு வந்தார். அவரும் டூர் ஜெயித்தவர். மனைவி பிள்ளை பெற்றிருந்ததால் மச்சினனை அழைத்துப்போகிறவர். அங்கே கிடைக்கிற கறியை நம்பித் தின்ன முடியுமா என்று அவர்தான் ஆரம்பித்தார். லாட்ஜில் சமையல்கட்டு இருக்கிறதே, பக்கத்திலேயே பள்ளிவாசல் இருக்கிறதே, உங்கள் வீட்டம்மா வருகிறார்களே, அப்புறம் என்ன கவலை என்று அவரே முடித்தும் வைத்தார். அமீருன்னிசாவுக்கு அது மசாலாப் பட்டியலாகத்தான் வந்து சேர்ந்தது. பம்ப் ஸ்டவ் கொண்டுபோகலாமா, விமானத்தில் விடுவார்களா, அங்கே மண்ணெண்ணெய் கிடைக்குமா என்று இரண்டு நாளாக வீட்டில் அதே பேச்சு. ஜன்னலைப் பற்றி யாரும் பேசவில்லை. மடிப்புத்தாளில் யாரோ கடலை மிட்டாய் மடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"ஏங்க, நீங்க சரின்னு சொன்னீங்களே?" என்று ஒருமுறை கேட்டாள்.

"அண்ணன் சொன்னதுக்கு அப்புறம் நான் என்னா பண்றது? எங்க தங்குனா என்னா? ஊரு ஒண்ணுதான்."

"எனக்கு ஊரு ஒண்ணு இல்லீங்க" என்றாள். அவன் அதைக் காதில் வாங்காமல் டயர்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

பெயர்களை உறுதி செய்ய மாதேஸ்வரன் வந்த அன்று கூடத்தில் அவனோடு தஸ்தகீர், அப்துல் கனி, அக்பர் அலி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அமீருன்னிசா டீயை ஓரகத்தியிடம் கொடுத்தனுப்பிவிட்டு அடுக்களைத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"அப்ப லாட்ஜுதானங்க பாய்? பக்கத்துப் பக்கத்து ரூம்பாப் போட்டுடறேன்" என்றான் மாதேஸ்வரன்.

"போட்டுடுப்பா. சமையக்கட்ட ஒட்டின ரூம்பு இவங்களுக்குக் குடு. காலையில எழுந்து வேல பாக்கத் தோதா இருக்கும்" என்றார் அக்பர் அலி. "டிபனுக்கு என்னா பண்றது? அங்க மாவாட்ட முடியாது. சப்பாத்தின்னா சுலபம். கொஞ்சம் கீமா."

"நல்லாப் பண்ணுவா" என்றான் தஸ்தகீர். அவன் குரலில் பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"தம்பி" என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. வெளியாட்கள் இருக்கும்போது அந்தத் திரை வாய் திறந்ததே இல்லை. "என் பேர அடிச்சிடுங்க. நான் வரலைங்க."

"என்னாங்க அக்கா, ஒடம்புக்கு ஏதாச்சும்..."

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. பெரிய ஓட்டல்னா வர்றேன். சமைக்கறதுன்னா இங்கயே சமைச்சிக்கிறேன். அதுக்கு எதுக்குங்க ஏரோப்ளேனு?"

மாதேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்து டீயில் மறைத்துக்கொண்டான். அப்துல் கனி செருமினார். தஸ்தகீர் எழுந்து திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். முகம் சிவந்திருந்தது.

"நாலு பேர் முன்னால மானத்த வாங்கிட்டியே."

"எது புடிச்சிருக்குதுன்னு நீங்கதான கேட்டீங்க?"

"கேட்டேன். கேட்டதாலயே ஆயிடுமா?"

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தாள். 'சரி, பேசிப் பாக்கறேன்' என்றிருந்தால்கூடப் போதும், அந்தச் சமையல்கட்டுக்கே போய்ச் சப்பாத்தி தேய்த்திருப்பாள். அவன் திரும்பிக் கூடத்துக்குப் போனான். அவள் பெயர் இருந்த இடத்தில் அப்துல் கனியின் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்வது அவள் காதில் தெளிவாக விழுந்தது.

அவர்கள் போனார்கள். வீடு கொஞ்சம் காலியானதே தவிர வேலை குறையவில்லை. அரைத்த மசாலாத்தூளை ஷரீபுன்னிசா எடுத்துக் குழம்புக்குப் போட்டாள். "வாய வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா இந்நேரம் ஏரோப்ளேன்ல பறந்திருப்ப" என்றாள். அப்புறம் கரண்டியைக் கிண்டியபடியே, "என் பேர எழுதலாமான்னு எவன் கேட்டான்?" என்று முணுமுணுத்தாள். அதை அமீருன்னிசாவிடம் சொன்னாளா, குழம்பிடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது ஆண்களுக்கு முகம் பளபளவென்று இருந்தது. குளிரைப் பற்றிப் பேசினார்கள். விமானத்தில் காது அடைத்ததைப் பற்றிப் பேசினார்கள். ஓட்டலில் லிஃப்டு ஏறி இறங்கியதை அப்துல் கனி கையால் காட்டினார். அப்போதுதான் அமீருன்னிசாவுக்கு உறைத்தது.

"லாட்ஜுல ஏதுங்க லிஃப்டு?" என்று தனியாகக் கிடைத்தபோது கணவனைக் கேட்டாள்.

தஸ்தகீர் பெட்டியைத் திறந்து எதையோ தேடுகிறவன் போலக் குனிந்தான். "நீ வரலன்ன. யாரு சமைக்கறது? சமைக்க ஆளில்லாம அந்த லாட்ஜுல என்னா வேல? அண்ணன்தான் சொன்னாரு, ஆம்பளைங்க மட்டும்தான, எங்க தங்குனா என்னான்னு."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"மலை தெரிஞ்சுதா?"

"எந்த மலை?"

"ஜன்னல்ல."

அவன் யோசித்தான். உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்க்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கினான். "பெரிய தெர ஒண்ணு போட்டிருந்தான். தொறந்தமாதிரி ஞாபகமில்ல. ரூம்புல எங்க இருந்தோம்? கீழயே இருந்துட்டோம். சும்மா வேடிக்கதான்."

மறுநாள் அவன் குளிருக்குப் போட்டுப்போன கோட்டை வெயிலில் போட எடுத்தாள். உள்பையில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. விட்டெறிந்தால் சில்லுப்போல உருளக்கூடிய வட்டமான பிளாஸ்டிக் வில்லை. சிவப்பு விளிம்பு, நடுவில் ஏதோ எழுத்து. என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. கோட்டிலிருந்து கழன்ற பொத்தானாக இருக்கும் என்று தையல் டப்பாவைத் திறந்து போட்டாள். சட்டைப் பொத்தான்கள், ரவிக்கைக் கொக்கிகள், பாவாடை நாடாக்களுக்கு நடுவே அது பெரிதாக, பளிச்சென்று உட்கார்ந்துகொண்டது. மூடப்போனவள் மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊசி நுழைய அதில் ஒரு துளைகூட இல்லை.